இருபது அடி தூரம்

பல் டாக்டரின் கணவர் பழைய கோட்டை வாசல்வீட்டின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வர இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. நடுவில் தூரம் இருபது அடிதான்.

சாலையின் குறுக்கே வலமும் இடமுமாக இரண்டு கோபுர அறைகள், மேலே அவற்றை இணைக்கும் கூடம், கீழே வளைவு வழி. பகைவர் தலையில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றத்தான் ராஜாக்கள் அதைக் கட்டினார்கள். பகைவர் யாரும் வரவில்லை, எண்ணெய்தான் காறிப்போனது. பிறகு அது சுங்கச்சாவடி ஆயிற்று, சிறை ஆயிற்று, தபால் நிலையம் ஆயிற்று, முப்பது வருடம் புறாக்கள் மட்டும் குடியிருந்தன. கோட்டை மதிலை ஊரார் கல் கல்லாகப் பெயர்த்துத் தங்கள் குளியலறைகளைக் கட்டிக்கொள்ள, வாசல் மட்டும் மிஞ்சியது. அதன் வழியே போகிறவர்களில் எப்போதாவது ஒருவர் தாமதமாக வெளியே வருவார். நகராட்சி இதை விசாரித்து, தன் அலுவலகத்தில் ஆகும் தாமதத்துக்கு இது ஒன்றும் பெரிதல்ல என்று கோப்பை மூடிவிட்டது.

கணவர் பஸ் கண்டக்டர். ஒரு காலை, டாக்டரின் அண்ணன் வீடு வாங்கித் தருவதாகச் சொன்ன விஷயத்தில் இருவருக்கும் சண்டை. பாதிப் பொத்தான் போட்ட சட்டையோடு கத்திக்கொண்டே வளைவுக்குள் போனார். பேச்சு பாதியில் அறுந்தது. டாக்டர் மதியம்வரை காத்திருந்தார், பிறகு ஒரு மாதம், பிறகு மேல் கூடத்தை வாடகைக்கு எடுத்து நாற்காலியைப் போட்டுப் பல் பிடுங்கத் தொடங்கினார். ஊர் இதைக் காதல் என்றது.

"காதலாவது ஒண்ணாவது. கத்திட்டுப் போனாரு, நான் பதில் சொல்ல வேண்டாமா?" என்றார் டாக்டர்.

ஒன்பதாம் வருடம் வெளியே வந்தவர் வேறொருவர். தலைப்பாகையும் வீங்கிய கன்னமுமாக, நூற்றைம்பது வருடம் தாமதமாக வந்த சுங்கக்காரர். வந்த கையோடு ஒரு லாரியை மறித்து வரி கேட்டார். ஓட்டுநரும் வழக்கமான ஆள் என்று நினைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். டாக்டர் சுங்கக்காரரின் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார். மறுநாள் காயத்தைக் காட்ட வந்தார், அடுத்த நாள் சாப்பிட வந்தார், பிறகு போகவே இல்லை. டாக்டர் பேசினால் குறுக்கே பேசாமல் கேட்டார். டாக்டருக்கு அது புதுசாக இருந்தது. ஊர் இரண்டு மாதம் இதை வாயில் போட்டு மென்றுவிட்டு அலுத்துப்போய் நிறுத்தியது.

அதற்குப் பதின்மூன்று வருடம் கழித்து, ஒரு காலைப் பத்து மணிக்கு, வளைவுக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"...அந்த வீட்டுல உங்கண்ணனே குடியிருக்கட்டும்னு சொல்லிடு!"

டாக்டர் நோயாளியை வாய் திறந்தபடி விட்டுவிட்டுப் படியிறங்கினார். கணவர் அதே பொத்தான்களோடு நின்றார்.

"உன் முடிக்கு என்ன ஆச்சு?"

இருபத்திரண்டு வருடமாகச் செதுக்கி வைத்திருந்த பதில்களை டாக்டர் ஓரமாக வைத்தார். "அண்ணன் போயிப் பதினோரு வருஷமாச்சு" என்றார்.

அரை நிமிடம் முன்பு திட்டிய ஆள் செத்துப்போனதைக் கேட்டு, கணவர் படியில் உட்கார்ந்து அழுதார். அண்ணனுக்காக அழுது தீர்த்துவிட்டதாக நினைத்திருந்த டாக்டரும் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை அழுதார்.

சுங்கக்காரர் எட்டிப் பார்த்தார். "யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"அப்ப நான்?"

"நீங்களுந்தான். மேல ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டு இருக்காரு, மொதல்ல அவரைப் பாப்போம்."

கணவர் ஒரு மாதம் குதித்தார். சுங்கக்காரரை அனுப்பாவிட்டால் மறுபடி வளைவுக்குள் போய்விடுவேன் என்றார்.

"போங்க. இந்தத் தடவை சொல்ல வேண்டியதை முழுசாச் சொல்லிட்டுப் போங்க."

வளைவுவரை போனார். திரும்பி வந்து, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டார். அன்றிலிருந்து இடது கோபுரம் சுங்கக்காரருக்கு, வலது கோபுரம் கண்டக்டருக்கு, நடுக்கூடம் டாக்டருக்கு என்றாயிற்று.

அந்த வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பவர் வந்தார்.

"கணவர்?"

"ரெண்டு பேர்" என்றார் டாக்டர். "ஒருத்தருக்கு அம்பத்துமூணு. இன்னொருத்தருக்கு இருநூத்தி மூணு."

அவர் பேனாவை நிறுத்தினார். "பெரியவருக்குப் பொறந்தநாள் முடிஞ்சிடுச்சா, இனிமேதானா?"

"வர்ற புதன்கிழமை" என்றார் சுங்கக்காரர்.

"அப்ப இருநூத்தி ரெண்டுதான்" என்று எழுதிக்கொண்டார் அவர்.