குறடா, தள்ளுகோலா

குறட்டின் வாயில் நூலளவு ஆணி ஒன்றைக் கவ்வவைத்து, கடைக்காரர் ஃபோங் கொடுத்த துண்டுப் பலகையின்மேல் அமுக்கிப் பார்த்தான் கயேத்தான். ஆணி பாதி இறங்கி வளைந்துவிட்டது.

"பஸ் கியர் மாதிரி இழுக்காதீங்க," என்றார் ஃபோங். "மெல்லப் பிடியை இறுக்கினா தானா இறங்கும். அந்தத் தள்ளுகோலை எடுத்தா உள்ளங்கையால ஊணித் தள்ளணும். யாருக்கு?"

"என் சம்சாரத்துக்கு. கப்பல் பொம்மைப் பட்டறையில வேலை. வீட்டுலயும் தனக்குன்னு ஒண்ணு செய்யறா."

"பலகை என்ன கனம்?"

"சின்னக் கப்பல்தான்."

"கப்பலைக் கேக்கலை, பலகையைக் கேக்கறேன். சரி விடுங்க. முதல்ல துளை போட்டுக்கிட்டு ஆணி இறக்குவாங்களா, நேராவே குத்துவாங்களா?"

கயேத்தான் வெளியே பார்த்தான். மொரீஷியஸின் மேட்டு நகரான கியூர்பிப்பின் மழை, வழக்கம்போல, பெய்வதும் தெரியாமல் நிற்பதும் தெரியாமல் தூறிக்கொண்டிருந்தது. மனைவி ஜிஸ்லேனோடு இத்தனை வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறான். தட்டை வைக்க இடம் வேண்டுமென்று அந்தக் கப்பலை எத்தனையோ முறை தூக்கி நகர்த்தியும் இருக்கிறான். துளை இருந்ததா, இல்லையா என்று பார்த்ததில்லை.

காலையில் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வனிலா தேநீர் கேட்டுக் குடித்தாள். முகத்தில் தெளிச்சி இருந்தது. டாக்டர்கூட, திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்கிற மாதிரிதான் தலையை ஆட்டினார். அவர் நகர்ந்ததும் அவள் சொன்னாள்: "ஆணி இறக்கறது உடைஞ்சு கெடக்கு. ஃபோங் கடையில புதுசு வாங்கி வை. சுத்தியலைத் தூக்கிட்டு வந்துடாதே, பலகை பிளந்துடும்." எது என்று அவன் கேட்டதற்கு, "பார்த்து வாங்கேன், கண்ணு இல்லையா?" என்றாள்.

"கை எப்படி அவங்களுக்கு? உள்ளங்கை வலின்னு சொல்வாங்களா?" ஃபோங் விடுவதாக இல்லை.

சொன்னதில்லை. ஆனால் சாயங்காலங்களில், அவன் கிட்டே போகும்போது, அவள் வலது கையைக் காற்றில் உதறுவாள். அப்பால் போ என்கிறாள் என்றே அவன் எடுத்துக்கொண்டு வானொலிப் பக்கம் போய்விடுவான். இப்போது அது வேறு எதுவோ என்று தோன்றியது.

மகளை ஃபோனில் கூப்பிட்டான். அவள்தான் அம்மாவோடு இருந்தாள். வெகுநேரம் அடித்த பிறகே எடுத்தாள்.

"நோயெமி, அம்மாகிட்ட கேட்டுச் சொல்லு. குறடா, தள்ளுகோலா?"

ஃபோனில் ஏதோ தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது.

"பப்பா, நீ வா."

"வர்றேன். கேட்டுச் சொல்லு முதல்ல. தப்பா வாங்கினா திரும்பவும் விரட்டுவா."

தள்ளுவண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

"குறடு," என்றாள் நோயெமி. "குறடே வாங்கிக்கிட்டு வா. மழையில நடக்காதே பப்பா, பஸ்ல வா."

பஸ்ஸை ஓட்டியவன் சேர்ஜ், கயேத்தான் பஸ் ஓட்டிய நாளில் கூட வேலை பார்த்தவன். டிக்கெட் வாங்க விடவில்லை. பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்து, "என்ன மாமா, பல்லு பிடுங்கவா? முதல்ல எங்க முதலாளிக்குப் பிடுங்கு," என்றான். கயேத்தான் வாய்விட்டுச் சிரித்தான். முன்வரிசைப் பெண்ணும் சிரித்தாள்.

ஆஸ்பத்திரி நடையில் நோயெமி அம்மாவின் செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் ஏதோ சொன்னாள். அது காதில் விழுந்தும், அவன் பொட்டலத்தை நீட்டி, "குறடுதான் வாங்கியிருக்கேன்," என்றான்.

மறுநாள் பிற்பகல் ஜிஸ்லேனின் அடக்கம் முடிந்தது. குடைகளும் சேற்றுக் காலணிகளுமாக வீடு கொஞ்ச நேரம் நிறைந்திருந்தது. தேநீர், ரொட்டி, பக்கத்து வீட்டிலிருந்து வந்த மிளகாய் வடை. பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பட்டறையில் ஜிஸ்லேனுக்குப் பக்கத்து இருக்கைக்காரி லிலெத் மட்டும் மேஜையருகே நின்று, பாதிப் பலகை போர்த்திய கப்பலின் விலா எலும்புகளை விரலால் வருடிக்கொண்டிருந்தாள். குறடு கண்ணில் பட்டது.

"யார் வாங்கினது இது?"

"நான்தான்."

"சரியாத்தான் வாங்கியிருக்கே. தள்ளித் தள்ளி அவ உள்ளங்கையில காய்ப்பு வெடிச்சுக் கெடந்ததே. இனிமே இறுக்கறதுதான் தோதுன்னு நானும் நினைச்சேன்."

"அவதான் சொன்னா, குறடுன்னு."

"காலையிலயா?"

"இல்லை, கடையிலேருந்து கேட்டேன். நோயெமி கேட்டுச் சொன்னா."

லிலெத் அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கடையிலேருந்தா? கயேத்தான், நான் சூப் எடுத்துக்கிட்டு மேலே ஏறறப்ப நீ படியிறங்கிப் போனே. என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டுக்கூடப் போனே. நான் வார்டுக்குள்ள போறப்பவே டாக்டர், நர்ஸுன்னு எல்லாரும் கட்டிலைச் சுத்தி நின்னாங்க. சூப்பை இறக்கிக்கூட வைக்கலை, அதுக்குள்ள..." அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கைப்பையைத் தேடி எடுத்து, அவன் தோளைத் தொட்டுவிட்டுக் கிளம்பினாள்.

படி, தெரு, கடை, ஃபோங்கின் கேள்விகள், ஃபோன். அவன் திரும்பத் திரும்ப வரிசைப்படுத்தினான். எப்படி அடுக்கினாலும் ஃபோன் கடைசியில்தான் வந்தது. லிலெத் வேறு யாரையாவது படியில் பார்த்திருக்கலாம். ஆனால் படியில் அவளைப் பார்த்துச் சிரித்தது நினைவிருந்தது.

சமையலறையில் நோயெமி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றான்.

"நோயெமி."

"ம்."

"அம்மா வேற ஏதாவது சொன்னாளா? குறடுன்னு சொன்னப்ப?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தாள். ஒரு கோப்பையைக் கழுவிக் கொடுத்தாள். அவன் துடைத்து, அவளுக்கு அந்தப் பக்கம் கவிழ்த்து வைத்தான். அவள் துடைத்து வைத்த அதையே எடுத்து மறுபடியும் கழுவிக் கொடுத்தாள். அவன் வாங்கித் துடைத்தான்.