கை தூக்காதவள்

நோரீனுக்குக் கேட்பறையில் வேலை. லண்டனின் மேற்கு ஓரத்தில் இருந்த அந்த இசைத்தட்டு ஆலையில் புதிதாக எது அச்சேறினாலும் முதல் தட்டு அவளிடம்தான் வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். பாட்டைக் கேட்பதற்குச் சம்பளம் இல்லை. நடுவில் 'டொக்' என்று ஒரு சத்தம், மணல் உரசுவது போல ஒரு கரகரப்பு, அதைப் பிடிப்பதற்குத்தான் சம்பளம். பதினொரு வருஷம் அப்படிக் கேட்டுக் கேட்டு, வீட்டில் ரேடியோ வைப்பதையே அவள் விட்டுவிட்டாள்.

1977, மே மாதக் கடைசி. ராணி பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு ஆலை வாசலிலேயே கொடி கட்டியிருந்தார்கள். அன்று காலை வந்த தட்டு இன்னும் சூடு ஆறவில்லை. ஒட்டியிருந்த சீட்டில் 'பூஞ்சணம்' என்று பெயர். நோரீன் அதை இரண்டு முறை படித்தாள். அவள் மகள் ஹிலரி பாடும் இசைக்குழு அது. ஜனவரியில் தலைமுடியைத் தானே கத்தரித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவள். அதற்குப் பிறகு ஒரே ஒரு தபால் அட்டை. ஆலையில் யாருக்கும் அவள் இதைச் சொல்லவில்லை.

ஊசியை வைத்தாள். கிடாருக்குப் பின்னால் யாரோ கத்தினார்கள். அந்தக் குரல் தன் பெண்ணுடையதுதான் என்று நம்புவதற்கே ஒரு முழுப் பாட்டு தேவைப்பட்டது. வேலையில்லாதவர்களின் வரிசை, மூத்திர நாற்றமடிக்கும் லிஃப்ட், இடுப்பைக் கிள்ளும் முதலாளி. நாலாவது பாட்டில் ராணி தன் கிரீடத்தை அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறாள். கடைக்காரன் போலி என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.

நோரீன் மூன்று முறை கேட்டாள். இரண்டாவது முறையிலேயே குறை எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் தேடியது தன்னை. எந்த வரியிலும் அவள் இல்லை.

காகிதத்தில் 'சரி' என்று எழுதிக் கொடுத்தாள். ஆனால் தட்டை உறையில் போடும் மேவிஸ், உறையின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த பாட்டு வரிகளைப் படித்துவிட்டாள். மதியச் சாப்பாட்டுக்குள் ஆலை முழுக்க விஷயம் பரவிவிட்டது. தொழிற்சங்கத்துச் சிரில் கேண்டீனில் நாற்காலிமேல் ஏறினான்.

"தெருவுல கொடி கட்டிட்டு வந்து இங்க இந்தக் குப்பைய அடிக்கணுமா நாம?"

"கொடி கட்டினது உன் பொண்டாட்டி. நீ ஏணியப் புடிச்சுக்கிட்டு நின்ன" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. சிரிப்பு எழுந்தது.

"சிரிங்க, சிரிங்க. மெஷினை நிறுத்தணும்ங்கறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. நோரீன் கையும் பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டது. அதை மடிக்கு இறக்கிக்கொண்டாள்.

"என்னடி, கை வலியா?" என்றாள் பக்கத்தில் இருந்த மேவிஸ்.

"இல்ல."

"பின்ன?"

"பாடுறது எம் பொண்ணு."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் அந்த மேசையில் ஸ்பூன் சத்தம் நின்றுபோனது. சிரில் நாற்காலியை விட்டு இறங்கி வந்தான்.

"யாரு, சின்னப் புள்ளையில நம்ம கிறிஸ்துமஸ் விருந்துல கேக்கை மடியில போட்டுக்கிட்டு அழுதாளே, அவளா?"

"அவதான்."

"நல்லா வளர்த்திருக்க, நோரீன்."

"பதினொரு வருஷமா எவ்வளவு குப்பைய 'சரி'ன்னு எழுதிக் குடுத்திருக்கேன் தெரியுமா, சிரில்? இது அவ்வளவு மோசமில்ல."

மெஷின் நின்றது. நிர்வாகம் வாதாடவில்லை, சாயந்திரமே அச்சுகளை ஒரு வேனில் ஏற்றி வேறு ஆலைக்கு அனுப்பிவிட்டது. மறுநாளிலிருந்து தேநீர் நேரத்தில் நோரீன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

சனிக்கிழமை, தபால் அட்டையில் இருந்த விலாசத்தைத் தேடி லாட்ப்ரோக் குரோவ் போனாள். பாதி ஜன்னல்களுக்குப் பலகை அடித்த வீடு. ஹிலரியே கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நிறுத்திட்டாங்களா? நிஜமாவா? பேப்பர்ல வருமாம்மா?"

"உனக்குப் பேப்பர். எனக்கு? ஒருத்தி கூட எங்கிட்ட பேச மாட்டேங்கறா."

ஹிலரி உள்ளே போய், ஜாம் பாட்டிலில் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். அது கையைச் சுட்டது.

"கேட்டியா நீ?"

"மூணு வாட்டி."

"எப்படி இருந்துச்சு?"

"ரெண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டுல உனக்கு மூச்சு பத்தல."

"அது வேணும்னே."

"பொய் சொல்லாத." நோரீன் பாட்டிலை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "என்னப் பத்தி ஒண்ணும் எழுதலியா?"

ஹிலரி கதவு நிலையைச் சுரண்டினாள். "எழுதினேன். நல்லா வரல. எடுத்துட்டோம்."

"என்ன எழுதின?"

"ஞாபகமில்லம்மா."

உள்ளிருந்து யாரோ டிரம்மை அடிக்க ஆரம்பித்தார்கள். ஹிலரியின் கால் தானாகத் தாளம் போட்டது. "இருந்து கேளேன்" என்றாள். நோரீன் ஒரு பாட்டு வரைக்கும் நின்றாள். ஹெட்போனில் இல்லாத எதுவோ தரை வழியாகக் காலில் ஏறியது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள்.

பஸ் நிறுத்தத்தில் அவளால் நிற்க முடியவில்லை. அடுத்த நிறுத்தம் வரை நடந்தாள். அங்கேயும் கால் தரிக்கவில்லை. மூன்று பஸ்கள் அவளைத் தாண்டிப் போயின. ஹாமர்ஸ்மித் வரை நடந்தே வந்துவிட்டாள். தன்னைப் பற்றி ஹிலரி என்னதான் எழுதியிருப்பாள் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு.