அண்ணன் குளிப்பாட்டிய வண்டி

முருக்கேரியில் முருகையன் வீட்டில் வண்டி வாங்குவது என்று முடிவான நாளிலிருந்து, சோறு பொங்குவதைத் தவிர மற்ற எல்லா வேலையும் நின்றுபோயிற்று. அது 2006, சித்திரை மாதம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விற்ற கையோடு எடுத்த முடிவு. திண்டிவனத்துக்கு ஒரு பஸ், பாண்டிக்கு இரண்டு பஸ் என்று இருபது வருடம் கம்பியைப் பிடித்துத் தொங்கிய குடும்பம். இனி உட்கார்ந்து போகலாம் என்று நினைத்ததிலேயே எல்லோருக்கும் கால் வலி குறைந்துவிட்டது.

எந்த வண்டி என்பதில் சண்டை இல்லை. ஜீப்பைப் போல உயரமாக, காரைப் போல மெத்தென்று, ஏழு பேர் உட்காரும் ஒரு வண்டி அப்போது ஈ.சி.ஆர் ரோட்டில் எங்கு பார்த்தாலும் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம். சொன்னால் மட்டும் அவன் ஒரு டயர் இனாமாகத் தரப்போகிறானா? சண்டையெல்லாம் பழைய மாடலா, புது மாடலா என்பதில்தான். பழையதில் பின்சீட்டு பெஞ்சு போட்டாற்போல் எதிரும் புதிருமாக இருக்கும், கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும், ஆனால் எஞ்சினை எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவான். புது மாடலில் எல்லா சீட்டும் முன்னே பார்க்கும். பின்வரிசைக்கும் ஏசி. பொத்தானைத் தொட்டால் கண்ணாடி இறங்கும். கோளாறு என்றால் கம்ப்யூட்டரைச் செருகித்தான் பார்க்க முடியும்.

மகன் பிரபு கல்லூரியில் படிப்பவன், புது மாடலுக்கு ஒற்றைக் காலில் நின்றான்.

"புதுசா எடுப்பா. பழசுல உக்காந்து போனா டிரிப் அடிக்கிற வண்டின்னு நெனச்சு நாலு பேரு கை காட்டுவான்."

"டேய், கம்ப்யூட்டர் வச்ச வண்டி நடுரோட்டுல நின்னுச்சுன்னா முருக்கேரில எவன்டா வந்து பாப்பான்?" என்றார் முருகையன்.

பாண்டிச்சேரி ஷோரூமுக்கும் போனார்கள். விற்பனைக்காரப் பையன் ஏசியைப் பற்றியே பேசினான். முருகையனின் மனைவி அமராவதி அவன் பேச்சைக் காதில் வாங்காமல் நேராகப் பின்னால் போய் கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எந்த வண்டி வாங்கினாலும் கடைசி சீட்டு தனக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். குடும்பத் தலைவிகளுக்கு அந்த மரியாதையை யாரும் மறுப்பதில்லை. புது மாடல் நன்றாகத்தான் இருந்தது. மாதத் தவணையைக் கேட்டதும் முருகையன் முகத்தில் ஈயாடவில்லை. அத்தோடு பழைய மாடலே போதும், ஓடிய வண்டியாகப் பார்க்கலாம் என்று ஆயிற்று.

உள்ளூரில் சக்கரபாணியிடம் ஒன்று இருந்தது, 2001-ஆம் வருடத்து வண்டி. பார்க்கப் போனவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். தவிட்டு மூட்டை, வாழைத்தார், ஆடு, ஒருமுறை கன்றுக்குட்டி என்று அதில் ஏறாத ஜீவன் இல்லை. சேறு உலர்ந்து, அதன்மேல் சேறு அடித்து, வண்டி என்ன நிறம் என்பதை ஆர்.சி. புத்தகத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"கழுவறதே இல்லையாங்க?" என்று கேட்டாள் அமராவதி.

"மழ வந்தா வெளிய நிறுத்துவேங்க" என்றார் சக்கரபாணி, கொஞ்சமும் கூச்சப்படாமல்.

இந்த நேரத்தில்தான் மரக்காணத்திலிருந்து போன் வந்தது. அமராவதியின் அண்ணன் கலியமூர்த்தி. உப்பளம் வைத்திருப்பவர். அவரும் அதே பழைய மாடல்தான் வைத்திருந்தார், அதுவும் 2001 வண்டிதான். புது மாடலுக்குப் பதிவு செய்துவிட்டதால் பழையதைக் கொடுத்துவிடப் போகிறார்.

"ஊரெல்லாம் சுத்திப் பாக்கறீங்களாமே. நான் ஒருத்தன் உயிரோடதான இருக்கறேன்? நம்ம வண்டி வெளிய போவக் கூடாது. ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கிட்டுப் போங்க."

இது உத்தரவு. கலியமூர்த்தியைத் தெரிந்தவர்களுக்கு அது புரியும். அப்பா செத்தபோது அமராவதிக்கு ஒன்பது வயது. வளர்த்தது, படிக்கவைத்தது, கல்யாணம் செய்துகொடுத்தது எல்லாம் அண்ணன்தான். பொங்கலுக்கும் ஆடி மாதக் கூழ் வார்ப்புக்கும் தவறாமல் முருக்கேரிக்கு வந்து நிற்பார். தங்கமான மனிதர்தான். ஆனால் அவர் கொடுப்பதை ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. தம்பி நடராசன் ஒருமுறை அண்ணன் பார்த்த பெண்ணை வேண்டாம் என்றான். பதினோரு வருடமாக அண்ணன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அமராவதிக்குத் தாய்வீடு என்று இருப்பது அந்த ஒரு வாசல்தான். வண்டி எப்படி இருந்தாலும் எடுத்துக்கொள்வது என்று மரக்காணம் போகும் பஸ்ஸிலேயே முடிவுசெய்துவிட்டாள்.

மரக்காணத்தில் ஊர் முடிந்து உப்புப் பாத்திகள் தொடங்கும் இடத்தில் அண்ணன் வீடு. போய் இறங்கியபோது கலியமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு வருசமா ஒரு நாள் தவறுனதில்ல மாப்ளே. நான் குளிக்கறதுக்கு முன்னாடி இது குளிச்சிடும்."

"சோப்பு போட மாட்டீங்களா மச்சான்?"

"சோப்பு போட்டா பெயிண்ட் போயிடும். இந்தத் தண்ணில நுரைக்கவும் நுரைக்காது."

கழுவி முடித்து, பழைய மல்லு வேட்டியால் பிள்ளைக்குத் தலை துவட்டுவது போலத் துவட்டினார். வண்டி பளபளவென்று நின்றது. கதவில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். புது மாடலுக்கு அடம்பிடித்த பிரபுவே வாயைப் பிளந்தான். முருகையன் பையிலிருந்த முன்பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அமராவதி வழக்கம்போல் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். காலை ஊன்றினாள். காலடியில் விரித்திருந்த மிதியடிக்குக் கீழே பொரித்த அப்பளத்தை மிதித்தாற்போல் ஒரு சத்தம்.

மெல்ல மிதியடியின் மூலையைத் தூக்கிப் பார்த்தாள். தகடு இருந்த இடத்தில் பழுப்பாகச் செதில் செதிலாக உதிர்ந்து கிடந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியே தரை தெரிந்தது. அண்ணன் சற்றுமுன் அடித்த தண்ணீர் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. எதிர் சீட்டில் ஒரு பென்சில் டப்பா கிடந்தது. அண்ணன் மகள் பிரியதர்ஷினியுடையது. நாலாம் வகுப்புப் படிக்கும் அந்தக் குழந்தை தினமும் பள்ளிக்கூடம் போவது இங்கே காலை வைத்துக்கொண்டுதான்.

இறங்கி, குனிந்து கதவின் அடிவிளிம்பைப் பார்த்தாள். வேட்டி எட்டாத இடம். வெயில் பட்டு ஈரம் காய்ந்த ஓரத்தில் மெல்லிசாக வெள்ளை பூத்திருந்தது. பதினெட்டு வயது வரை பாத்தியில் இறங்கி உப்பு வாரியவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

அண்ணன் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் வரும் அந்த போர் தண்ணீர் எப்போதுமே கரிக்கும். சுனாமிக்குப் பிறகு வாயில் வைக்க முடியாமல் போயிற்று. குடிக்க, சமைக்கப் பஞ்சாயத்துக் குழாய், மற்றதுக்கெல்லாம் இது. கடற்கரையில் பிறந்தவர்களுக்கு உப்புத் தண்ணீரும் தண்ணீர்தான், அதன்மேல் அவர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் உப்பு விற்கிற மனுசன், ஐந்து வருடமாகத் தன் கையாலேயே தன் வண்டிக்கு உப்பு வைத்துக்கொண்டிருக்கிறார். அதையும் ஆசை ஆசையாக.

சொல்லிவிடலாமா? பேசாமல் வாங்கிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்திவிட்டால் என்ன? ஒரு வருட மல்லாட்டைப் பணம் போகும். போனால் போகட்டும், அண்ணன் இருப்பார். அப்படித்தான் நினைத்தாள்.

"அமராவதி, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டார் கலியமூர்த்தி. புதிதாக ஒரு மோட்டார், பச்சை நிறத்தில் நீளமான ஹோஸ். "புது வண்டிக்குன்னு வாங்குனேன். வேகமா அடிக்கும். இனிமே காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ."

அந்த வண்டியிலும் பிரியதர்ஷினி உட்காருவாள்.

முன்பணம் வைத்துக் கொடுக்க வீட்டிலிருந்து தாம்பாளத் தட்டு கொண்டுவந்திருந்தாள். வெற்றிலை பாக்கை எடுத்துப் பையில் போட்டாள். அந்தப் பச்சை ஹோஸிலிருந்து தட்டில் தண்ணீர் பிடித்து, அடி மறைகிற அளவுக்கு மட்டும் விட்டு, வெயில் கொளுத்தும் மதில்மேல் வைத்தாள்.

"என்ன அமராவதி இது?" என்றாள் அண்ணி மாரியம்மாள்.

"சும்மாதான் அண்ணி. மொதல்ல சாப்புடலாம். பணம் அப்பறம் குடுக்கலாம்."

இறால் தொக்கு வைத்திருந்தாள் அண்ணி. அமராவதி பாதியில் எழுந்து போய்த் தட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். மாப்பிள்ளையும் மச்சானும் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தார்கள். மணி மூன்று. கத்திரி வெயில் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. தட்டை எடுத்துவந்து அண்ணன் முன்னால் வைத்தாள்.

தட்டின் அடியில் வெள்ளையாக உப்பு. கலியமூர்த்தியின் கை தானாகப் போயிற்று. ஒரு சிட்டிகை எடுத்து, விரலிடுக்கில் உருட்டி, நாக்கில் வைத்தார்.

"எந்தப் பாத்திது? மணி ரொம்பச் சின்னதா இருக்குது. கசப்பு வேற. யாவாரத்துக்கு ஆவாது."

"இது பாத்தி இல்லண்ணா. உங்க போர் தண்ணி. காலைல வண்டிக்கு அடிச்சீங்களே, அதேதான்."

கலியமூர்த்தி சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். அவள் வண்டியின் பின்கதவைத் திறந்து மிதியடியைத் தூக்கிக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். ஓட்டைக்குள் கையை விட்டார். கை அந்தப் பக்கம் போய்விட்டது. செதில்கள் அவர் முழங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தன.

பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்: "வேணாம்னா வேணாம்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம். தட்டுல காய வச்சுக் காட்டணுமா? எனக்கே உப்பக் காட்டுறியா நீ?"

"வாயால சொன்னா நம்ப மாட்டீங்கண்ணா. கொழந்த கால் வைக்கிற எடம் அது."

அவர் உள்ளே போய்விட்டார். வழியனுப்பக்கூட வரவில்லை. பஸ்ஸில் முருகையன் என்னென்னவோ ஆறுதல் சொன்னார். பதினோரு வருடம் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள் அமராவதி. அழுகையை முருக்கேரி வரை அடக்கிக்கொண்டாள்.

கடைசியில் சக்கரபாணியின் ஆட்டு வண்டியைத்தான் வாங்கினார்கள். மூன்று நாள் சேற்றைச் சுரண்டியதில் நீல நிறம் வெளிப்பட்டது. அடியில் தட்டினால் கணீரென்றது. ஈரக்காற்று அடித்தால் மட்டும் ஆட்டு வாடை வரும். பிரபு ஊதுபத்தி கொளுத்தி வைப்பான். எல்லோருக்கும் வண்டி பழகிவிட்டது. அமராவதி ஒருமுறைகூட அதில் ஆசையாக உட்காரவில்லை.

மரக்காணத்துச் சேதி பஸ்ஸில் வருகிறவர்கள் வாய்வழியாக வந்தது. பழைய வண்டியை வாங்க ஒரு புரோக்கர் வந்தானாம், பளபளப்பைப் பார்த்து உடனே பணத்தை நீட்டினானாம். கலியமூர்த்தியே மிதியடியைத் தூக்கிக் காட்டினாராம். அவன் ஓடியே போய்விட்டான். வண்டி காயலான் கடைக்குப் போயிற்று. புது வண்டி வந்துவிட்டது. ஆனால் ஆடி மாதம் கூழ் வார்த்தபோது அண்ணன் வரவில்லை. அவர் வழக்கமாகக் குடிக்கும் சொம்பை அமராவதி கழுவி வைத்திருந்தாள். சாயங்காலம் எடுத்து உள்ளே வைத்தாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசலில் ஹாரன் சத்தம். வெளியே வந்தவளுக்கு அது யார் வண்டி என்று முதலில் தெரியவில்லை. கண்ணாடியில் வைப்பர் போன இடம் மட்டும் தெளிவாக இருந்தது, மற்றபடி தலை முதல் கால் வரை புழுதி. சக்கரபாணி வண்டி தோற்றுவிடும். முன்கதவு திறந்தது. பச்சை ஹோஸைத் தோளில் சுற்றிக்கொண்டு கலியமூர்த்தி இறங்கினார். பின்னாலிருந்து பிரியதர்ஷினி குதித்தாள்.

அவர் தங்கையின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. கிணற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உங்க கெணத்துல நல்ல தண்ணிதான?"

"நல்ல தண்ணிதாண்ணா" என்றாள் அமராவதி.

"ஒரு மாசமாக் கழுவல. கையி நமநமங்குது."

முருகையன் மோட்டாரைப் போட்டார். கலியமூர்த்தி மேலே கழுவினார், பிறகு அந்த வயதில் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் அடித்தார். சேறும் தண்ணீருமாக எழுந்து வந்தவர், கொஞ்சம் தண்ணீரைக் கையில் பிடித்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். அப்புறம்தான் தங்கையைப் பார்த்தார்.

"வாரத்துக்கு ஒரு தடவயாவது கழுவணுமாம். கம்பெனி புக்குல போட்டிருக்கான். அடுத்த ஞாயித்துக்கெழமயும் வருவேன். கொழம்பு வச்சிடு."

பொங்கலுக்கும் ஆடிக்கும் மட்டும் வந்துபோன அண்ணன் அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறவில்லை. ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டு, வண்டி வழியிலேயே முழுக்க நனைந்து சுத்தமாகி வந்து நின்ற வாரங்களிலும், தோளில் அந்த ஹோஸ் இருந்தது.