மாமனார் கழுவி வைத்த பானையோடுகள்

ஓடைக்குக் குறுக்கே பாலம் வரப்போகிறது. அதற்கு முன் கரையோரம் குழி தோண்டி, மண்ணுக்குள் பழங்காலத்துப் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது மாப்பிள்ளையின் உத்தியோகம். இருந்தால் பாலத்தை வேறு இடத்துக்கு மாற்றுவார்கள். இல்லையென்றால் கரையில் இருக்கும் வீட்டை இடிப்பார்கள். அந்த வீடு யாருடையது? வேறு யாருடையது, மாமனாருடையதுதான்! மனுஷன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய வீடு.

தோண்டிய இடமெல்லாம் வெறும் சேறு. பாக்கி இருந்தது மாமனாரின் கொல்லைப்புறக் குழி ஒன்றுதான். அதையும் பாதி தோண்டும்போது மழை பிடித்துக்கொள்ள, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்திருந்தான். வீட்டிலோ மனைவி முகம் கொடுத்தே பேசுவதில்லை.

மறுநாள் காலையில் தார்ப்பாயை விலக்கினால், அடேயப்பா! குழியின் அடியில் சிவப்புப் பானையோடுகள், அடுக்கி வைத்த மாதிரி. மாப்பிள்ளைக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஒன்றைக் கையில் எடுத்தான். சேற்றில் கிடந்த ஓட்டில் பொட்டுச் சேறு இல்லை. முகர்ந்து பார்த்தான். குளியல் சோப்பு கமகமவென்று மணந்தது.

வேலியோரம் மாமனார், ஒன்றுமே தெரியாதவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா, இது உங்க வீட்டுப் பூந்தொட்டிதானே?"

"என்ன மாப்பிள்ளை, இப்படி சந்தேகப்படுறீங்க?"

"அந்தக் காலத்துல ஏது மாமா சோப்பு?"

மாமனாரின் முகம் தொங்கிப்போனது. "அழுக்கா இருந்தா மதிக்க மாட்டாங்களேன்னு கழுவி வெச்சேன்."

"எங்க மேலதிகாரி பாத்திருந்தா என் சீட்டைக் கிழிச்சிருப்பாங்க!"

"சும்மா கத்தாதீங்க. ஆழத்துல இருந்தாத்தான் நம்புவாங்கன்னு இன்னும் தோண்டி, எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு. அடியில ஒரே குப்பை. கரியும், கறுப்பு கறுப்பா பானையோடும். அதையெல்லாம் எருக்குழியில கொட்டிட்டுல்ல என்னுதை அடுக்கினேன்!"

மாப்பிள்ளை கையிலிருந்த சிவப்பு ஓட்டைக் கீழே போட்டான். "எதைக் கொட்டினீங்க?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குழிக்குள் குதித்து, மாமனாரின் மண்வெட்டி படாத பக்கச் சுவரைக் கொத்துக்கரண்டியால் மெல்லச் சுரண்டினான். சாம்பல் படிந்த கோடு ஒன்று தெரிந்தது. அதற்குள்ளே, யார் கையும் படாமல், சேறும் கரியுமாய்க் கறுப்புப் பானையோடு ஒன்று பதிந்து கிடந்தது.

"மாமா! வீடு தப்பிச்சிடுச்சு மாமா!"

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே ஓடியவர், ஒரு கையில் வாளித் தண்ணீரும் மறு கையில் சோப்புமாகத் திரும்பி வந்தார்.

மாப்பிள்ளை இரண்டு கையையும் விரித்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டு அலறினான். "கிட்ட வந்தீங்க, வீட்டை நானே இடிச்சிருவேன்!"