தற்காலிக அசௌகரியம்

ஐஸ்பெட்டி கொண்டுவந்தவன் வயரைக் கையில் பிடித்தபடி கூடத்தில் நின்றான். பிளக் பெரியது, சுவரில் எங்கும் நுழையவில்லை. சமையலறையில் கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கிருந்து இழுக்கலாமா என்று மாலதி பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் செல்போன் அடித்தது. விடிகாலையில் சிதம்பரத்திலிருந்து ஆம்புலன்ஸ் வந்து நின்றதிலிருந்து அது ஓயவே இல்லை.

"ஜெயப்பிரகாஷ் பேசறேம்மா, ஹெட் ஆபீஸ்லேர்ந்து. உங்க வலிய எங்களால புரிஞ்சிக்க முடியுது."

"சரி சார்."

"நான் வந்துகிட்டேதான் இருக்கேன். ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு கேட் மீட்டிங்ல தொழிலாளிங்ககிட்ட சார்தான் பேசறதா இருந்துச்சி. இந்த பிளான்ட்ல டிரெய்னிங் எடுத்தது அவரு ஒருத்தருதான். என்னா பேசணும்னு வேற யார்கிட்டயாவது சொல்லி வச்சிருக்காரா?"

மாலதி கூடத்தை எட்டிப் பார்த்தாள். அப்பா பெஞ்சின் மேல் கிடந்தார். வாய் திறந்துகொள்ளாமலிருக்கத் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள்.

"தெரியல சார்," என்று போனை வைத்தாள்.

அப்பா திருநாவுக்கரசு குடிகாட்டுப் பக்கம் இருந்த அரசு ரசாயன ஆலையில் பர்சனல் மேனேஜர். கத்திப் பேசுகிற மனுஷன். லீவு கேட்டு வருகிறவனைத் திட்டிவிட்டு லீவு கொடுப்பார். இல்லையென்றால் இல்லையென்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்புவார். அதற்காக அவரிடம் யாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதில்லை. இரண்டாயிரத்து ஐந்தில் ஆலையைத் தனியாருக்குக் கொடுப்பதென்று முடிவானதும், இந்தப் பேச்சு ஆகாது என்று மேலே நினைத்தார்கள். அதிகாரிகள் தொழிலாளர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்குச் சிதம்பரத்தில் ஒரு ஓட்டலில் பயிற்சி வைத்து, வாராவாரம் அவரை அனுப்பினார்கள்.

விற்பனை என்று சொல்லக் கூடாது, பங்கு மாற்றம். ஆட்குறைப்பு இல்லை, சீரமைப்பு. வேலை போகிறவனுக்கு நேரப்போவது தற்காலிக அசௌகரியம். எதிராளி கத்தினால் முதலில் அவன் உணர்வை மதிக்க வேண்டும்.

அவர் அதை வீட்டில் பழகினார். மனைவி சந்திரலேகா மகளுக்கு போன் போட்டுப் புலம்பினாள். "கேஸ் தீந்துபோச்சி, புக் பண்ணீங்களான்னு கேட்டா, உன் கேள்விய மதிக்கிறேன் சந்திராங்கறாரு. எனக்குப் பத்திக்கிட்டு வருது. முன்னெல்லாம் மறந்துட்டேன் போடின்னுவாரு. அதுவே தேவல."

கடைசிப் பயிற்சிக்கு முந்தின சாயங்காலமே சிதம்பரம் வந்து மகள் வீட்டில் தங்கினார். தோசையைப் பாதியில் ஒதுக்கிவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னாப்பா பண்ணுது?"

"சின்ன அசௌகரியம்தான்."

"வலிக்குதா இல்லியா, அதச் சொல்லுங்க."

"தற்காலிகமானதும்மா." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மாலதிக்கு எரிச்சலாக வந்தது. "வீட்லயாவது மனுஷன் மாதிரி பேசுங்கப்பா."

அவர் சிரிப்பு போய்விட்டது. தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு பழைய குரலில், "விக்கிறானுங்க மாலதி," என்றார். "லோடிங், கேண்டீன் ரெண்டையும் மொதல்ல காலி பண்றாங்க. பொங்கலுக்குள்ள. நேரா சொன்னா ஒரு நாளு கத்துவானுங்க, அப்பறம் வேற பொழப்பப் பாப்பானுங்க. இப்பிடி வழவழன்னு சொன்னா கடைசி வரைக்கும் நம்பிக்கிட்டே இருப்பானுங்க."

நெஞ்சைப் பற்றி மட்டும் அவர் அந்தக் குரலில் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் ஓட்டலில் சாப்பாட்டு வரிசையில் சரிந்தார். எப்போதிருந்து வலி என்று டாக்டர் கேட்டபோது, "அசௌகரியம்னுதான் சொன்னாரு," என்றாள் மாலதி. இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஐஸ்பெட்டி ஒருவழியாக இரைய ஆரம்பித்தது. ஜெயப்பிரகாஷ் மலர்வளையத்தோடு வந்து, பெட்டியின் மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டு, மாலதியைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"ஆளுங்க வர ஆரம்பிச்சிட்டாங்க. எதனா கேட்டா, கம்பெனி உரிய நேரத்துல சொல்லும்னு சொல்லிடுங்கம்மா. வேற எதும் வேணாம்."

அப்பா செத்த வீட்டில் அவளுக்கும் பயிற்சி கொடுக்கிறார் என்று அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

வாசலில் லோடிங் பிரிவு மேஸ்திரி காத்தவராயன் செருப்பைக் கழற்றிவிட்டும் உள்ளே வராமல் நின்றார். பின்னால் பத்துப் பதினைந்து பேர். ஆலை குவார்ட்டர்ஸில் குடியிருந்த நாளிலிருந்தே மாலதிக்கு அவரைத் தெரியும்.

"உள்ள வாங்க மாமா."

"இப்ப கேக்கறது தப்புதான் பாப்பா," என்றார் காத்தவராயன். "சாரு கொஞ்ச நாளா எங்க மூஞ்சியப் பாத்தே பேசல. என்னா கேட்டாலும் ஒங்க உணர்வ மதிக்கிறேன்னாரு. கோவமான்னு கூடப் புரியல. எங்களப் பத்தி எதனா சொன்னாரா?"

மாலதி வாயெடுப்பதற்குள் ஜெயப்பிரகாஷ் முன்னால் வந்தார். "காத்தவராயன், உங்க கவலைய நாங்க மதிக்கிறோம். இந்த நேரத்துல நாம எல்லாரும் ஒரு குடும்பமா..."

"சார், கொஞ்சம் நிறுத்துங்க."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் உள்ளே தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சந்திரலேகா நிமிர்ந்து பார்த்தாள்.

"விக்கிறாங்க மாமா," என்றாள் மாலதி. "லோடிங்கும் கேண்டீனும் மொதல்ல. பொங்கலுக்குள்ள. அத வேற மாதிரி சொல்லச் சொல்லி அப்பாவப் பழக்கினாங்க. அவருக்கு வரல."

"இது அதிகாரபூர்வமா எதுவும்..." ஜெயப்பிரகாஷ் ஆரம்பித்தார். யாரும் அவர் பக்கம் திரும்பாததால் நிறுத்திக்கொண்டு கைக்குட்டையை எடுத்தார்.

காத்தவராயன் மனைவிக்குக் கேண்டீனில் சமையல் வேலை.

"கேண்டீனுமா?"

"ஆமா மாமா."

அவர் தலையை ஆட்டினார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடிக்குள் தெரிந்த முகத்தைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சந்திரலேகாவிடம், "எப்பம்மா எடுக்கறீங்க?" என்றார்.

"மத்தியானம்."

"நாங்க தூக்கறோம்."

மாலதியின் கணவன் அன்புமணி கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். பாடை செம்மண்டலம் மெயின்ரோட்டில் ஏறிக் கெடிலக்கரைப் பக்கம் திரும்பியபோது, மத்தியான ஷிப்டுக்கு ஆளேற்றிக்கொண்டு வந்த கம்பெனி பஸ் அதன் பின்னால் வந்து மாட்டிக்கொண்டது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. ஜன்னல் வழியாக யாரோ காத்தவராயனிடம் ஏதோ கேட்டார்கள். அவர் தோளில் மூங்கிலோடு, திரும்பாமலே பதில் சொன்னார். தெருமுனையில் நின்ற மாலதிக்கு அது கேட்கவில்லை.

பஸ்ஸின் பின்கதவு வழியாக ஒருவர் இறங்கினார். அப்புறம் இன்னொருவர். சாப்பாட்டுத் தூக்கோடு வரிசையாக இறங்கிப் பாடைக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார்கள். டிரைவர் எட்டிப் பார்த்தார். கடைசி ஆளும் இறங்கிய பிறகு, காலி பஸ் முதல் கியரில் அவர்கள் பின்னாலேயே ஊர்ந்து போனது.