முழுக் குளிசை

கணவரின் சவரப் பெட்டிக்குள் பிளேட் தேடியபோதுதான் நாகேஸ்வரி அந்தப் பாதிக் குளிசைகளைக் கண்டாள். பழைய பிலிம் டப்பா ஒன்றில் பஞ்சு வைத்து, அதன்மேல் பதினாறு பாதிகள். ஒவ்வொன்றும் நடுவால் பிசகில்லாமல் வெட்டப்பட்டிருந்தது. முப்பது வருடம் தபாற்கந்தோரில் முத்திரை கிழித்த கை அது.

ஏழு மாதத்துக்கு முன்பு நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பி வந்த மனுசன். நாளுக்கு ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, விடவே கூடாது என்று டொக்டர் விரலை நீட்டிச் சொல்லியிருந்தார்.

"இது என்ன?"

சிவபாதசுந்தரம் பேப்பரை இறக்கவில்லை. "அடுத்த மாசத்துக்கு. அரையும் வேலை செய்யுது. எனக்கு ஒரு குறையும் இல்லை."

"போன கிழமை படியில தலை சுத்திக் குந்தினனீங்களே?"

"அது இந்த வீட்டுப் படி சரியில்லை."

அவள் டப்பாவைப் பேப்பருக்கு மேலால் நீட்டினாள். பேப்பர் மெல்ல இறங்கியது. "எங்கட பெடியன் சுவிசில கோப்பை கழுவி அனுப்பிற காசு, நாகேசு. அதை நான் நாளுக்கொண்டா விழுங்கிறதோ?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளைப் பயப்படுத்தியது. அந்த நினைப்பின் ஏதோ ஒரு மூலையில் தானும் குந்தியிருப்பது தெரிந்தது. இந்த வெள்ளவத்தை அறைக்கு வாடகை கூடிய அன்று பெருமூச்சு விட்டவள் அவள்தான். அதைக் கேட்டுத்தான் இவர் பிளேட்டை எடுத்தாரோ? இனி இந்த வீட்டில் குளிசை வெட்டுவதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டினாள்.

"விலை குறைஞ்சதாப் பாத்து வாங்கிறன்."

"மலிஞ்ச குளிசை வெறும் சுண்ணாம்புக் கட்டி. நீர் வாங்கினாலும் நான் தொடன்."

டொக்டர் மருந்து எழுதின துண்டையும் குளிசையின் வெறும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மருதானைக்கு ரயில் ஏறினாள். அங்கே ஒரு பாமசியில் விலை குறைவு என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தாள்.

மீன்காரனோடு விலை பேச அவளுக்கு வெட்கம் இல்லை. மருந்துக்கடையிலோ துண்டை நீட்டிக் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வந்துதான் பழக்கம். ஸ்பெஷலிஸ்ட் எழுதியதற்கு மேலே வாய் திறப்பது அவரையே குறை சொல்வது போல. கவுண்டருக்கு முன்னால் நின்று, பின்னால் வந்த இரண்டு பேருக்கு வழி விட்டாள். மூன்றாவது ஆளுக்கு விடவில்லை.

"பிள்ளை, இதே மருந்து விலை குறைவா இருக்கோ?"

சட்டையில் பலீலா என்று பெயர் குத்தியிருந்த பெண் பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். "மேல பெரிசா இரிக்கிறது கொம்பெனி வெச்ச பேரு. கீழ சின்னதா இரிக்கே, அதுதான் மருந்து. இதே மருந்து வேற கொம்பெனில நூறு குளிசைப் போத்தல்ல இரிக்கி. கால்வாசி விலதான்."

"சுண்ணாம்பு எண்டு அவர் சொல்றார்."

"எங்கட வாப்பா ரெண்டு வருசமா இதத்தான் குடிக்கிறாரு. சுண்ணாம்ப அவரு வெத்தலையோட வேறயாத் தின்னுவாரு." பலீலா சிரித்துக்கொண்டே டெலிபோனைத் தள்ளினாள். "டொக்டரிட்டயும் ஒரு சொல்லு கேட்டுருங்க."

டொக்டர் மறுமுனையில் அரை நிமிடம்கூடப் பேசவில்லை. "தாராளமாக் குடுக்கலாம். முதலே கேட்டிருந்தா எழுதித் தந்திருப்பனே."

முதலே கேட்டிருந்தால். ஏழு மாதம் அவள் கேட்கவில்லை.

பலீலா போத்தலில் நோயாளியின் பெயரையும் அளவையும் சிங்களத்தில் எழுதி ஒட்டினாள். "நூறு குளிசய ஒண்டாக் கொண்டு போறீங்க. வழியில கேப்பாங்க."

கேட்டார்கள். வெள்ளவத்தை ஸ்டேஷனிலிருந்து காலி வீதிக்கு ஏறும் இடத்தில் பொலிஸ்காரன் அவளுடைய அடையாள அட்டையில் வடக்கிலுள்ள பிறந்த இடத்தைப் பார்த்தான். பிறகு போத்தலைக் குலுக்கினான்.

"மெச்சர பெஹெத் காட்டத?"

இவ்வளவு மருந்தும் யாருக்கு என்று அவன் கேட்க, "மஹத்தயாட்ட" என்றாள். புருசனுக்கு.

"வன்னியட்டத?" வன்னிக்கோ, புலிகளுக்கோ என்ற கேள்வி. அவன் சிரிக்கவில்லை. பத்துக் குளிசையை எடுத்துக்கொண்டு போகலாம், போத்தல் இங்கே இருக்கட்டும் என்றான்.

பத்து நாள். பதினோராம் நாள் திரும்பவும் பிளேட். சோதனைச்சாவடிகளில் நாகேஸ்வரி தன்னை ஒரு கைப்பை அளவுக்குச் சுருக்கிக்கொள்கிறவள். இன்று இடத்தை விட்டு அசையவில்லை. தனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் சொன்னாள்: வீடு அந்த ஒழுங்கையில்தான். நோயாளி அங்கே இருக்கிறார். வந்து பாருங்கள். போத்தலை விட்டுவிட்டு நான் போகமாட்டேன்.

பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. அவன் அலுத்துப்போய் போத்தலைக் கொடுத்து ஒரு பொலிஸ்காரியை அவளோடு அனுப்பினான்.

வாசலில் காக்கிச் சீருடையைக் கண்டதும் சிவபாதசுந்தரம் எழுந்து, கேளாமலே, இங்கே தங்கியிருப்பதற்கான பொலிஸ் பதிவுத் துண்டை நீட்டினார். "நாகேசு, என்ன செய்தனீர்?"

பொலிஸ்காரி பதிவில் இருந்த பெயரையும் போத்தலில் இருந்த பெயரையும் ஒப்பிட்டாள். போத்தலை அவரிடம் கொடுத்தாள். உங்களுடையதென்றால் இப்போது ஒன்று குடியுங்கள் என்றாள்.

அவர் போத்தலைப் பார்த்தார். அந்த மலிந்த சாமான்தான் என்று விளங்கிவிட்டது. ஒரு குளிசையை உள்ளங்கையில் தட்டினார். பழக்கத்தில் அவர் கண் சவரப் பெட்டிப் பக்கம் போனது. பொலிஸ்காரி பார்த்துக்கொண்டு நின்றாள். நாகேஸ்வரி தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முழுசாக விழுங்கினார்.

பொலிஸ்காரியின் சப்பாத்துச் சத்தம் படியிறங்கிப் போன பிறகுதான் அவர் கதிரையில் இருந்தார். "உமக்கு விசரோ? பொலிசைக் கூட்டிக்கொண்டு வாற பொம்பிளை."

"சுண்ணாம்பு எப்பிடி?"

"கசக்குது."

"சுண்ணாம்பு கசக்காது."

அவள் பிலிம் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்து, பாதிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்தாள். எட்டுச் சோடி. எறிய மனம் வரவில்லை, அவை விலைகூடியவை.

"நாளையிலயிருந்து எட்டு நாளைக்கு இது. ரெண்டு அரையும் ஒண்டா, எனக்கு முன்னால. பிறகு போத்தல்."

"மாட்டன் எண்டால்?"

"சாவடி தூரமில்லை," என்றாள் நாகேஸ்வரி. பிளேட்டை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.