மலைப் பக்கத்துக் கண்ணாடி

காரில் படுத்தபடி மலை சுற்ற ராஜம்மாள் ஒருவழியாக ஒப்புக்கொண்டாள். ஆனால் இரண்டு நிபந்தனை போட்டாள். படுத்த இடத்திலிருந்து மலை தெரிய வேண்டும். ரோட்டில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்லக் கூடாது.

"நான் படுத்துக்கினு கெடக்கறது மலைக்குத் தெரிஞ்சா போதும். ஊருக்கு எதுக்கு?" என்றாள்.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து அவளால் உட்கார முடியவில்லை. அதற்கு முன்னால் பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றி நடந்தவள். இப்போது கட்டில் கிடந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். இட்லியில் பாதியை வைத்துவிடுவாள். பேச்சும் கம்மியாகிவிட்டது. வயிற்றில் கோளாறு ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

அவள் மகன் மணிவேலுக்குக் காரணம் தெரிந்திருந்தது. ஆனால் எதையும் சட்டென்று சொல்லிவிடும் ஆள் இல்லை அவன். ஆசிரமத்துப் பக்கம் வந்து தங்குகிறவர்களுக்குக் கார் ஓட்டுகிறான். சவாரி இல்லாத நேரத்தில் சீட்டைச் சாய்த்துக்கொண்டு படிப்பான். வண்டியில் ஏறுகிறவர்கள் பேசாமல் வந்தால் அவனுக்கு அன்றைக்கு நல்ல நாள். அம்மாவின் விஷயத்தையும் ஒரு மாதம் மனசுக்குள்ளேயே வைத்துப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

"இது ஒண்ணு சரியா வரலன்னா இனிமே என்னத் தூக்காத. கட்டில்லயே விட்டுடு" என்றாள் ராஜம்மாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அவனுடையது பழைய ஸ்டேஷன் வேகன். பின்சீட்டை மடக்கினால் ஒரு மெத்தை தாராளமாகக் கொள்ளும். தலைமாட்டில் இரண்டு பக்கமும் திறக்க முடியாத நீளக் கண்ணாடிகள் இருந்தன. வலப்பக்கத்தது விரிசல் விட்டிருந்தது. இடப்பக்கத்தது ரப்பர் காய்ந்து, மழை பெய்தால் ஒழுகியது. வேலூர் காயலான் கடைகளில் அலைந்ததில் பொருந்துகிற கண்ணாடி ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. தட்டையான கண்ணாடி என்பதால் எந்தப் பக்கமும் பொருத்தலாம். மற்றதற்கு அலுமினியத் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று முடிவு செய்தான். யோசித்தால் அதுவும் நல்லதாகவே பட்டது. மலைப் பக்கம் கண்ணாடி, ஊர்ப் பக்கம் தகடு. அம்மாவின் இரண்டு நிபந்தனையும் முடிந்தது.

டிங்கர் வேடியப்பன் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டுக்கே வந்தான். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர்கள். பழைய கண்ணாடிகளைக் கழற்றி, விளிம்பில் இருந்த துருவைச் சுரண்டினார்கள்.

"எந்தப் பக்கம்டா கண்ணாடி?"

மணிவேல் மோவாயால் காட்டினான். அந்தப் பக்கம் மலை நின்றது. வேடியப்பனும் அதற்குமேல் கேட்கவில்லை.

கண்ணாடியைச் சுற்றிப் புது ரப்பரை மாட்டி, ரப்பரின் பள்ளத்துக்குள் நைலான் கயிறு ஒன்றை ஓட்டி, எல்லா இடத்திலும் சோப்புத் தண்ணீர் தடவினார்கள். மணிவேல் உள்ளே போய்க் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டான். வேடியப்பன் வெளியிலிருந்து கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்தினான். கயிறு மெல்ல வர வர, ரப்பரின் உதடு தகர விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்தது.

"மெதுவாடா! தேர் வடமா இழுக்கற?"

மணிவேல் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி இழுத்தான். கயிறு முழுவதும் அவன் கைக்கு வந்தபோது வெளியே இருந்த சத்தமெல்லாம் அடங்கிவிட்ட மாதிரி இருந்தது. வேடியப்பனின் வாய் அசைந்தது. பேச்சு எங்கேயோ தூரத்தில் கேட்டது.

பிறகு மறுபக்கத்து விளிம்பில் கறுப்பு சீலன்ட் பசையைத் தடித்த கோடாகப் போட்டு, தகட்டை வைத்து அழுத்தி, மேலே டேப் ஒட்டினார்கள். ராத்திரி முழுக்கக் காயட்டும் என்றான் வேடியப்பன். ஒழுகுகிறதா என்று பார்க்க மணிவேலை உள்ளேயே படுக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடி மேல் ஹோஸ் பைப்பைப் பிடித்தான்.

தண்ணீர் வழிந்தது. அதற்குப் பின்னால் மலை கரைந்தது. பச்சையும் பாறையுமாக ஒழுகி, கீழே சேர்ந்து, மறுபடி எழுந்து நின்றது. ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. மணிவேல் அசையாமல் கிடந்தான். அம்மா இந்த இடத்தில் படுத்திருப்பாள், வண்டி நகர நகர மலை இப்படித்தான் அவள் முகத்துக்கு நேராகத் திரும்பிக்கொண்டே வரும் என்று நினைத்தான். நினைக்க நினைக்க அது நடந்து முடிந்த விஷயம் போலவே ஆகிவிட்டது.

"டேய், தூங்கிட்டியா? வெளிய வா. என் கூலிக்கு டீயாவது வாங்கிக் குடு" என்று கூரையில் தட்டினான் வேடியப்பன்.

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். அதனால் பௌர்ணமிக்குக் காத்திராமல், மறுநாள் புதன்கிழமை விடியலிலேயே கிளம்பினார்கள். வேடியப்பன் வந்து ராஜம்மாளைத் தூக்கி மெத்தையில் கிடத்த உதவிவிட்டு, பட்டறைக்குப் போனான். மற்ற கண்ணாடிகளுக்கெல்லாம் திரை போட்டிருந்தது. தகட்டிலிருந்த டேப்பை உரித்துவிட்டு மணிவேல் வண்டியை எடுத்தான்.

செங்கம் சாலை ஈரமாக இருந்தது. மலையின் பாதிக்குமேல் மேகம். வண்டி மாட்டு வண்டியைப் போலப் போயிற்று. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனம் மணிவேலின் முதுகில் வெதுவெதுப்பாகப் படிந்தது. அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள், கண் கலங்கியிருப்பாள், இப்போது பேசினால் கலைந்துவிடும் என்று எண்ணினான். அவனும் தன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தபடி வந்தான். சாலை வளைய வளைய, மலையும் ஒவ்வொரு மடிப்பாகத் திரும்பியது. தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஓர் ஆளைப் போல.

அடிஅண்ணாமலை வந்த பிறகுதான் கேட்டான்.

"தெரியுதாம்மா?"

"தெரியுது. நல்லாவே தெரியுது. புரோட்டாக் கடை தெரிஞ்சுது. மூடின கக்கூஸ் தெரிஞ்சுது. நடக்கறவங்க எல்லாம் என்ன மொறச்சிப் பாத்துக்கினே போனாங்க."

"மலை?"

"அதத்தான் தகரம் போட்டு மூடிட்டியே, ராசா."

மணிவேலின் கால் தானாக பிரேக்கில் விழுந்தது. வலப்பக்கம், தன் தோளுக்கு நேராக, மலையைப் பார்த்தான். வீட்டு வாசலில் வண்டி கிழக்கே பார்த்து நிற்கும். அங்கே மலை இடப்பக்கம், நேற்றுக் கண்ணாடி போட்டதும் அந்தப் பக்கம். ரோட்டுக்கு வந்து மேற்கே திரும்பியதுமே அது வலப்பக்கம் வந்துவிடும். மலை சுற்றுகிற எவருக்கும் அது வலப்பக்கம்தான். பிறந்ததிலிருந்து தெரிந்ததை நேற்று ஒரு மத்தியானம் மறந்திருந்தான். மலை எங்கே போய்விடப் போகிறது என்கிற நினைப்பு. வேடியப்பனுக்கும் அதே நினைப்புதான்.

"அப்பவே சொல்லியிருக்கலாமில்லம்மா."

"நீ எப்ப கேப்பேன்னு பாத்துக்கினு இருந்தேன். கேக்க மாட்டியே நீ. வூட்டுக்குப் போ. போதும்."

அந்தப் 'போதும்' அவனுக்குப் புரிந்தது. வீட்டுக்குப் போனால் அவள் திரும்ப வெளியே வர மாட்டாள்.

"திருப்பினா எதிர்ச்சுத்து ஆயிடும்மா. மலைய அப்படிச் சுத்தக் கூடாது."

"அப்ப இன்னா செய்யப் போற?"

அவன் இறங்கினான். டூல் பெட்டியில் கிடந்த பழைய ஆக்ஸிலரேட்டர் கேபிளைப் பிரித்து, மெல்லிய கம்பி இழை ஒன்றை உருவினான். தகட்டின் மூலையில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தான். சீலன்ட் மேலே காய்ந்திருந்தது. உள்ளே இன்னும் மெழுகு மாதிரி இளகியே இருந்தது. ஓட்டை போட்டுக் கம்பியை உள்ளே நுழைத்தான். இந்த வேலைக்கு உள்ளே ஒரு ஆள் வேண்டும். சுற்றும்முற்றும் பார்த்தான்.

"எவனத் தேடற? அந்த நுனிய எங்கிட்ட குடு" என்றாள் ராஜம்மாள். "கையி நல்லாத்தான இருக்குது எனக்கு."

ஒரு ஸ்பேனரில் கம்பியைச் சுற்றி அவளிடம் கொடுத்தான். அவன் வெளியே குறடால் பிடித்தான். அவள் இழுத்தால் அவன் விட்டான், அவன் இழுத்தால் அவள் விட்டாள். ரம்பம் போலக் கம்பி சீலன்ட்டை அறுத்துக்கொண்டு போயிற்று. தகட்டுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"கொஞ்சம் நிறுத்தலாமாம்மா?"

"இழுடா. மாவாட்டின கையி இது."

நான்காவது மூலை அறுந்ததும் தகடு அவன் கையில் சாய்ந்து விழுந்தது. திறந்த சதுரத்துக்குள் வியர்த்த அவள் முகம் இருந்தது. எதிரே கண்ணாடிகூட இல்லாமல் மலை இருந்தது. மேகம் ஒரு தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. ராஜம்மாள் ஸ்பேனரை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

நடைபாதையிலிருந்து ஒரு பெண் ரோட்டைத் தாண்டி வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, முடியலயா? ஐயோ பாவம்."

"தள்ளு தாயி, மலைய மறைக்காத" என்றாள் ராஜம்மாள்.

தகட்டை முன்சீட்டில் போட்டுவிட்டு மணிவேல் வண்டியைக் கிளப்பினான். கொஞ்ச தூரத்தில் தூறல் ஆரம்பித்தது. தார்ப்பாய் போடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். குளிருதா என்று கேட்டான். இல்லை என்றாள். தெரியுதா என்று கேட்டான்.

"தெரியுது தெரியுது. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

சாலை வடக்கே வளைந்து, கிழக்கே திரும்பி, ஊருக்குள் நுழைந்து வெளியே வந்தது. வீட்டுத் தெரு முனை வந்தது. அவள் பார்க்காமல் விட்ட பாதி மலை அதற்கப்பால் இருந்தது. மணிவேல் இண்டிகேட்டர் போடவில்லை. பின்னாலிருந்தும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.